மின்னூலைத் துப்பரவாக்குவது, எங்கே நிறுத்துவது

போன வருடம் கனடாவில் இருக்கும் எங்கள் மாமி ஒருவர் எங்களூர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய ஆண்டு மலர் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு காலத்தில் எத்தனையோ வீட்டு அலுமாரியில் இருந்த மலர் அது. 2008, 2009இல் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடியபோது அலுமாரியும் போய்விட்டது, மலரும் போய்விட்டது, முன்னமே வெளிநாட்டுக்குப் போயிருந்த இந்த ஒரு பிரதிதான் எங்கள் கண்ணில் பட்ட மிச்சம். மாமி பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்து ஒரு பிடிஎப்பாகக் கட்டியிருந்தார், 64 எம்பி. வாசிக்கப் போனால் ஒவ்வொரு வரியையும் விரலால் பெருப்பித்து இடமும் வலமுமாக இழுக்க வேண்டும், மூன்று பக்கத்தோடு கண் நொந்துவிடும். "போனில வாசிக்கிற மாதிரி ஒரு மின்னூலாக்கித் தா தம்பி" என்றார். ஒரு கிழமை வேலை என்று நினைத்தேன். மூன்று மாதம் போனது.

மின்னூலாக்குவதற்கு மூன்று மாதம் போகவில்லை. அது அரை நிமிட வேலை. எழுத்துகளைக் கொம்பியூட்டர் படித்து எடுத்தபின் கலிபரில் கோப்பைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் ஈபப் என்ற மின்னூல் கோப்பு வந்து விழும். (கோவித் கோயல் என்பவர் 2006இல் தன் சொந்தத் தேவைக்காக எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் கலிபர், இன்றும் இதைவிட நல்லது இல்லை.) நாள் போனதெல்லாம் விழுந்த கோப்புக்குள் கிடந்த குப்பையை அள்ளுவதில்தான். எங்கள் பக்கத்தில் இந்த வேலையைச் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் அநேகமாக அந்தப் பொத்தானோடு நின்றுவிடுகிறார்கள், கோப்பு திறக்கிறதுதானே, காணும் என்று. அதனால்தான் இந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது, எதை அள்ளலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதுகிறேன்.

ஈபப் என்பது ஒரு ஜிப் பொட்டலம். கோப்பின் பெயரில் கடைசியில் இருப்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். அத்தியாயத்துக்கு ஒன்றாகச் சில வலைப்பக்கங்கள் இருக்கும், அவை எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லும் ஒரு சிஎஸ்எஸ் கோப்பு இருக்கும், படங்கள் இருக்கும், எது எதற்குப் பின் வரும், புத்தகத்தின் பெயர் என்ன, எந்த மொழி என்று சொல்லும் ஓபிஎப் கோப்பு ஒன்று இருக்கும். 1999இல் வந்த ஓப்பன் ஈபுக் என்ற வடிவத்திலிருந்து வளர்ந்து 2007இல் ஈபப் என்ற பெயரோடு வந்தது, 2011இல் மூன்றாவது பதிப்பு. 2017இல் இதை வளர்த்த அமைப்பே வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியோடு சேர்ந்துவிட்டது. ஆக, உள்ளே இருப்பது ஒரு குட்டி இணையத்தளம், இணையத்தளத்துக்கு வரும் வருத்தமெல்லாம் இதற்கும் வரும்.

பொதுவான வருத்தம் வேர்டிலிருந்து தொற்றுவது. ரைப் செய்பவர் தலைப்பு வேண்டுமென்றால் வரியைப் பிடித்து எழுத்தைப் பெருப்பித்து, தடிப்பாக்கி, நடுவுக்குத் தள்ளுகிறார், பந்தி தொடங்க ஐந்து தரம் இடைவெளி, அடுத்த பக்கத்துக்குப் போகப் பத்துத் தரம் என்டர். தாளில் அச்சடித்தால் எல்லாம் வடிவாகத்தான் இருக்கும். ஆனால் வேர்ட் ஒவ்வொரு சொடுக்கையும் நினைவில் வைத்திருந்து, வலைப்பக்கமாக மாற்றும்போது சொல்லுக்குச் சொல் ஸ்பான் என்ற குறியால் சுற்றிவிடுகிறது. ஒரு சொல்லுக்கு மேல் நான்கு சட்டை போட்டிருந்த கோப்புகளை நான் கண்டிருக்கிறேன். இதில் இரண்டு கெடுதல். ஒன்று, தடித்துப் பெருத்த அந்த வரி தலைப்பு என்பது மெசினுக்குத் தெரியாது, பொருளடக்கம் தானாக வராது. போரில் கண்பார்வையை இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள், போன் வாசித்துக் காட்டத்தான் அவர்கள் புத்தகம் கேட்கிறார்கள். தலைப்பு தலைப்பாகக் குறிக்கப்பட்டிருந்தால் அடுத்த அத்தியாயத்துக்கு ஒரே தாவாகத் தாவலாம், இல்லாவிட்டால் முழுதையும் கேட்டு முடிக்க வேண்டும். மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்று பதிவாகியிருந்தாலும் இதே கதைதான், தமிழ்ப் புத்தகத்தை ஆங்கிலக் குரல் வாசிக்க வெளிக்கிடும். இரண்டாவது கெடுதல் கறுப்பு. வேர்ட் சில வேளை எழுத்தின் நிறம் கறுப்பு என்று எழுதிவிடுகிறது. பகலில் பிரச்சினை இல்லை. இரவில் கரண்ட் நின்ற நேரத்தில் திரையைக் கறுப்புக்கு மாற்றி வாசிக்கப் போனால், சில செயலிகளில் கறுப்புத் திரையில் கறுப்பு எழுத்து. புத்தகம் வெறுமையாக இருக்கிறது என்று எனக்கு ஒருவர் போன் எடுத்துச் சொன்னார்.

மருந்து கடினமில்லை. சிகில் என்ற இலவசத் திருத்தியில், அல்லது கலிபருக்குள்ளேயே இருக்கும் திருத்தியில் ஸ்பான் குறிகளைத் தேடி ஒரேயடியாக உரித்துவிடலாம். உரிப்பதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள்: அவற்றில் சில உண்மையான வேலை செய்துகொண்டிருக்கும், ஆசிரியர் வேண்டுமென்றே சாய்த்த எழுத்து, தடித்த எழுத்து. அவற்றை முதலில் அழுத்தக் குறிகளாக மாற்றி ஒதுக்கிவிட்டு மிச்சத்தை உரிக்க வேண்டும், ஏனென்றால் உரித்த பிறகு எது இருந்தது என்று கேட்க ஆளில்லை.

அடுத்த வருத்தம் எங்களுக்கே உரியது, அதன் பெயர் பாமினி. வன்னியில் அச்சகத்திலோ கொமினிக்கேசன் கடையிலோ ரைப் செய்த கோயில் மலர், சங்க அறிக்கை, கல்வெட்டு என்று எந்தப் பழைய கோப்பை எடுத்தாலும் அநேகமாகப் பாமினிதான். (கல்வெட்டு என்றால் வெளியூர்க்காரர் கல்லில் வெட்டியதை நினைப்பார்கள், இது ஒருவர் காலமாகி 31ஆம் நாள் கொடுக்கும் நினைவுப் புத்தகம், பல குடும்பங்களின் வம்சாவளி எழுத்தில் இருப்பது அதில் மட்டும்தான்.) பாமினி ஆங்கில எழுத்துகளின் முகத்தில் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. அதில் 'தமிழ்' என்று தெரியும் சொல், கோப்புக்குள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளான ஜே, கே, பீ, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும் வரை தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். போனில் பாமினி இல்லை.

பாமினியை யுனிகோடுக்கு, அதாவது போன்கள் வாசிக்கும் பொதுக் குறியீட்டுக்கு, மாற்றித் தரும் மாற்றிகள் நிறைய இருக்கின்றன, இலவசமாக. ஆனால் மாற்றிக்கு எது உண்மையான ஆங்கிலம், எது முகமூடி போட்டது என்று தெரியாது. கட்டுரையின் நடுவில் வீதிக்கான ஆங்கிலச் சொல்லான ரோட் என்பதைச் சிறிய எழுத்தில் அடித்திருந்தால் மாற்றி அதை 'சழயன' என்று தந்துவிடும். முதல் தரம் கண்டபோது ஏதோ பழைய சொல்லாக்கும் என்று அகராதியில் தேடினேன், உண்மையாக. அதனால் மாற்றுவதற்கு முன்பே ஆங்கிலத் துண்டுகளைப் பிரித்து வைக்க வேண்டும், வேர்டில் எழுத்துருவின் பெயரை வைத்தே பாமினி உள்ள இடங்களை மட்டும் தேடிப் பிடிக்கலாம். இன்னொன்று, பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் அடிக்கப்படும், கண்ணுக்குத் தெரியும் வரிசையில். யுனிகோடில் முதலில் மெய், பிறகுதான் கொம்பு. நல்ல மாற்றி இதைத் திருப்பிப் போடும், மோசமானது விட்டுவிடும், அப்போது சொல்லின் தொடக்கத்தில் ஒரு கொம்பு தனியாகப் புள்ளி வட்டத்தோடு நிற்கும். இடைவெளிக்கு அடுத்து உயிர்க்குறி வரும் இடங்களைத் தேடினால் இவை எல்லாம் ஒரே தேடலில் அகப்படும்.

யுனிகோடுக்கு வந்தபின்னும் முடிவதில்லை. 'கொ' என்ற எழுத்தைக் க, அதோடு ஒகரக் குறி என்று இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம், க, கொம்பு, அரவு என்று மூன்று துண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சில செயலிகளின் தேடலுக்கு வேறு வேறு. ஒரு மலரில் நான் பொங்கல் என்று தேடியபோது வற்றாப்பளைப் பொங்கலைப் பற்றிய கட்டுரையே வரவில்லை, அதை ரைப் செய்தவர் மூன்று துண்டாக அடித்திருக்கிறார். இதற்கு என்எப்சி என்ற சீராக்கம் இருக்கிறது, பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு வரி, முழுப் புத்தகமும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். ஆனால் 'கௌரவ' என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளரவ' என்று அடித்தால் எந்தச் சீராக்கத்துக்கும் அது பிடிபடாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. எங்கள் மலர்களில் கௌரவ விருந்தினர் இல்லாத பக்கம் இல்லை என்பதால் இது பெரிய தொல்லை. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் வெள்ளமும் தெளிவும் கெட்டுப்போகும். கொம்பை அடுத்து வரும் ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களை மட்டும் தேடினால் அநேகமாகச் சரியான இடங்களே வரும், அதிலும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது நல்லது.

இனி ஓசிஆர், படத்திலிருந்து எழுத்தை எடுப்பது. இப்போது கூகிளின் ஓசிஆர் தமிழை நன்றாகவே படிக்கிறது. ஆனால் பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் வடக்கில் காகிதம் கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித் தாளில்கூட அச்சடித்தார்கள், அந்தக் கோடுகள் எழுத்தின் காலையும் தலையையும் வெட்டிக்கொண்டு போகின்றன. புள்ளி காணாமல் போகிறது, அரவு ரகரமாகிறது, காலம் 'கரலம்' ஆகிறது. கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாதது தமிழ் இலக்கம்: ககரமும் தமிழ் எண் ஒன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே, உகரமும் இரண்டும் அப்படித்தான். சொல்லின் நடுவில் எண் இருந்தால் எந்தக் கண்ணும் பிடிக்காது, ஒரு தேடல் பிடித்துவிடும்.

எனக்கு மூன்று மாதத்தில் பாதியைத் தின்றது வரி முறிவு. ஓசிஆர் அச்சுப் பக்கத்தின் ஒவ்வொரு வரியையும் தனி வரியாகத் தரும், போன் திரையில் அது பாதி வரி, முழு வரி என்று படிக்கட்டு மாதிரி வரும். வரிகளை ஒட்டிப் பந்தியாக்க வேண்டும். ஆங்கிலத்தில் இது சுகம், சொல் உடைந்தால் வரி முடிவில் ஒரு சிறு கோடு இருக்கும். எங்கள் பழைய அச்சுக்காரர் பலர் கோடு போடாமலே இடம் முடிந்த இடத்தில் சொல்லை முறித்திருக்கிறார்கள். ஒட்டும்போது இடைவெளி விடுவதா, விடாமல் ஒட்டுவதா?

இதற்கு மருந்து நன்னூலில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும்போது மொழிமுதல் எழுத்துகளைப் பாடமாக்கியவர்களுக்கு அது ஒருநாள் உதவும் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ண, ழ, ள, ன ஆகியவை தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வரா. ஆகவே ஒரு வரி இவற்றில் தொடங்கினால் முந்திய வரியின் கடைசிச் சொல் உடைந்திருக்கிறது, இடைவெளி இல்லாமல் ஒட்டு. வரி புள்ளி வைத்த மெய்யில் தொடங்கினாலும் அப்படியே, ஸ் மட்டும் விலக்கு, ஸ்தாபனம் இருக்கிறதே. ங், ஞ், ந் என்று ஒரு வரி முடிந்தாலும் அநேகமாகச் சொல் முறிந்திருக்கிறது. இந்த மூன்று விதியையும் ரெஜெக்ஸாக, அதாவது எழுத்துகள் வரும் மாதிரியைச் சொல்லித் தேடி மாற்றும் கட்டளையாக, எழுதி ஓட்டினேன், நூற்றுக்கணக்கான முறிவுகள் ஒரு நொடியில் பொருந்தின. நன்னூலின்படி றகரமும் மொழிமுதலில் வராது, அதையும் சேர்த்திருக்கலாம். ஆனால் நாங்கள் றோட்டு, றேடியோ, றப்பர் என்று எழுதுகிற ஆக்கள். றகரத்தில் தொடங்கும் வரிகளைக் கையால்தான் பார்த்தேன், ர, ல, ட ஆகியவற்றையும் அப்படியே. க், ச், த், ப் என்று முடியும் வரிகள் இன்னும் மோசம், அது 'பள்ளிக்குப் போனான்' என்ற புணர்ச்சியாகவும் இருக்கலாம், 'பக்கம்' என்பது நடுவில் முறிந்ததாகவும் இருக்கலாம். விதி கிடையாது, வாசித்தால்தான் தெரியும்.

இந்த வெற்றியில் மயங்கி, அடுத்து எடுத்த ஒரு சிறு புத்தகத்துக்கும் அதே ரெஜெக்ஸை முழுதாக ஓட்டிவிட்டேன். அது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சேர்த்த அருவிவெட்டுப் பாட்டுகள், வயலில் நெல் அறுக்கும்போது பாடுபவை. செய்த கோப்பை அவரிடம் கொண்டுபோய்ப் போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "தம்பி, நான் உனக்குப் பாட்டெல்லோ தந்தனான், நீ கட்டுரையாக்கிப் போட்டாய்" என்றார். வரிகள் எல்லாம் ஒட்டிப் பந்திகளாகக் கிடந்தன. பாட்டில் வரி முறிவு அச்சுக்காரரின் வேலை இல்லை, பாடியவரின் மூச்சு. மூலக் கோப்பை நான் அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பினேன். இப்போது எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் வேலை பாட்டுப் பகுதிகளுக்குத் தனிக் குறி போட்டு வேலி அடைப்பது, தேடி மாற்றுவதெல்லாம் வேலிக்கு வெளியேதான். ஒவ்வொரு பாட்டு வரியையும் தனியாகக் குறித்து, வரி திரையைவிட நீளமாகி மடிந்தால் மடிந்த பகுதி உள்ளே தள்ளி வரும்படி சிஎஸ்எஸ்சில் சொல்லிவிட்டால் சிறிய போனிலும் எது புது அடி, எது மடிந்த மிச்சம் என்று தெரியும்.

தோற்றத்தைச் சீராக்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே சிஎஸ்எஸ் கோப்பு, அதுவும் இருபது முப்பது வரிக்கு மேல் வேண்டாம். எழுத்தளவு, நிறம், எழுத்துரு எதையும் கட்டாயப்படுத்தாதீர்கள், அது வாசிப்பவரின் உரிமை. தமிழுக்கு மேலே விசிறியும் கீழே உகரச் சுழியும் இருப்பதால் வரிக்கு வரி கொஞ்சம் கூடுதல் இடைவெளி வேண்டும். இரு பக்கமும் நேராக்குவதைக் கைவிடலாம், எங்கள் சொற்கள் நீளம், போன் திரை ஒடுக்கம், ஒரு வரியில் இரண்டே சொல் நின்று நடுவில் வாய்க்கால் ஓடும். எழுத்துரு சேர்த்தே ஆகவேண்டுமென்றால் நோட்டோ தமிழ் இருக்கிறது, திறந்த உரிமம் என்பதால் ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை.

எழுத்துக்கூட்டலைச் சீராக்குவதில்தான் எனக்குப் பலரோடு சண்டை. ஒரு புத்தகத்தில் ஆறு பேர் எழுதியிருப்பார்கள், ஒருவர் ரெலிபோன் என்பார், மற்றவர் தொலைபேசி, இன்னொருவர் ரெலிபோண். சொல்திருத்தியைத் திறந்தால் மூன்றில் இரண்டுக்குச் சிவப்புக் கோடு. இந்தியத் தமிழை வைத்துச் செய்த சொல்திருத்தியாக இருந்தால் கிரிக்கெற்றையும் கோப்பியையும்கூட விடாது, கிரிக்கெட், காபி என்று மாற்றச் சொல்லும். எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் துப்பரவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மலரில் ஒரு பிள்ளை தன் தாத்தாவின் றேடியோவைப் பற்றி எழுதியிருப்பதை ரேடியோ என்று மாற்ற எனக்கு என்ன உரிமை? என் கணக்கு இதுதான்: மெசின் செய்த பிழை, ரைப் செய்தவரின் விரல் வழுக்கிய பிழை இரண்டையும் ஈவிரக்கமில்லாமல் திருத்துவேன், எழுதியவர் தெரிந்து எழுதியதைத் தொடமாட்டேன். எது எந்த வகை என்று தெரியாவிட்டால் மூலப் படத்தைப் பார்ப்பேன், அங்கேயும் அப்படியே இருந்தால் விட்டுவிடுவேன். தலைப்புகளின் அமைப்பு, மேற்கோள்குறி, இடைவெளி, அடிக்குறிப்பின் இடம் போன்றவற்றை ஒரே சீராக்கலாம், அதைப் பற்றி எந்த ஆசிரியரும் கவலைப்படுவதில்லை.

தமிழில் இந்த வேலை புதிதில்லை. 1998 பொங்கலோடு தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய குறியீடுகளில் ஏற்றிய நூல்களைப் பிறகு யுனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது, நாங்கள் பாமினியோடு படும் பாட்டை அவர்கள் முன்பே பட்டிருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகம் ஈழத்து நூல்களை அநேகமாகப் பக்கப் படங்களாகவே காப்பாற்றி வருகிறது. 2013இல் வந்த ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் ஈபப்பாகவே வெளியிடுகிறது. படமாக வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், எது மூலம் என்று பார்க்க அந்தப் படம்தான் சாட்சி. ஆனால் வாசிக்க வைப்பது வேறு வேலை.

கடைசியில் ஈபப்செக் என்ற சோதனைக் கருவியில் ஓட்டிப் பாருங்கள். அடிக்கடி வரும் ஒரு பிழையை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இது ஒரு முழு இரவைத் தின்றது: பொட்டலத்தைப் பிரித்துத் திருத்திவிட்டுச் சாதாரணமாக ஜிப் செய்தால் ஈபப் கெட்டுவிடும். மைம்டைப் என்ற குட்டிக் கோப்பு பொட்டலத்தில் முதலாவதாகவும் சுருக்கப்படாமலும் இருக்க வேண்டும் என்பது விதி, சாதாரண ஜிப் இரண்டையும் கவனிக்காது. சிகிலிலோ கலிபரிலோ சேமித்தால் அவை பார்த்துக்கொள்ளும். சோதனையில் தேறினால் மட்டும் போதாது, 'கரலம்' என்று புத்தகம் முழுக்க இருந்தாலும் ஈபப்செக் சரி என்றுதான் சொல்லும். ஆகக் குறைந்த விலைப் போன் ஒன்றில் திறந்து, கறுப்புத் திரையிலும் வெள்ளைத் திரையிலும், எழுத்தைப் பெரிதாக்கியும் ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டும், முடிந்தால் நீங்கள் அல்லாத ஒருவர்.

பள்ளிக்கூட மலர் இப்போது படங்களோடு சேர்த்து 3 எம்பி. மாமியின் 64 எம்பி பிடிஎப்பையும், ஓசிஆர் தந்த பச்சை உரையையும், திருத்திய ஈபப்பையும் தனித்தனிப் பெயரில், பெயரோடு திகதியும் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி: ஒன்று என் கொம்பியூட்டரில், ஒன்று பள்ளிக்கூடத்துப் பென் டிரைவில், ஒன்று திரும்பக் கனடாவில். அருவிவெட்டுப் பாட்டுப் புத்தகம் இன்னும் முடியவில்லை. நான்காவது பாட்டில் ஒரு அடி குறைகிறது என்று ஐயா சொல்கிறார், மூலப் படத்திலும் அது இல்லை, பாடிக்காட்டுகிறேன், வந்து எழுதிக்கொண்டு போ என்றிருக்கிறார்.